கடலோரக் காரின் மின்கோளாறு: புது பேட்டரி வாங்கும் முன் நீங்களே கண்டறியும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஊரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீடு. வாசலில் நிற்கும் சின்ன பெட்ரோல் கார் நெடுநாள் என்னைப் படுத்தி எடுத்தது. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் (என்ஜினை முடுக்கும் மோட்டார்) முனகும், நின்றுவிடும். ஒரு கடையில் பேட்டரியை மாற்றினார்கள். சில மாதங்களில் அதே முனகல். இன்னொரு கடையில் செல்ஃப் மோட்டாரையே கழற்றிப் பழுது பார்த்தார்கள். கடைசியில் பார்த்தால், என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் ஒரு முனை களிம்பேறிப் பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. புதுப் பட்டைக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். அதற்கு முன் போன பணம் பல ஆயிரம்.

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை, இந்தப் பக்கம் தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி வரை கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். நம் ஊரில் பாகங்கள் கெடுவதற்கு முன்பே இணைப்புகள் கெட்டுவிடுகின்றன. உப்புக் காற்று முதலில் தின்பது பேட்டரி முனையில் மாட்டும் டெர்மினலையும், ஒயர் நுனியின் உலோக வளையமான லக்கையும், ஒயர்களைச் செருகி இணைக்கும் கப்ளரையும்தான். ஆகவே எதையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள். அளப்பது கடினமில்லை. பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும்.

12 வோல்ட் பேட்டரி கொண்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கே இது. மின்சாரக் கார், ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே கூடாது. அவை உயிரைப் பறிக்கும்.

1. முதலில் காகிதங்களைப் பாருங்கள்

பானட்டைத் திறக்கும் முன் மூன்று காகிதங்களை எடுத்து வையுங்கள்.

முதலாவது, கார் நிறுவனத்தின் வாரண்டி. அது இன்னும் முடியவில்லை என்றால் ஒயரிங்கில் கை வைக்காதீர்கள். ஓர் ஒயரை வெட்டி ஒட்டியிருந்தாலே மின்பாகங்களுக்கான வாரண்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். அளந்து பார்ப்பதில் தவறில்லை. அளந்த எண்களைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

இரண்டாவது, பேட்டரியின் வாரண்டி அட்டை. அதில் விற்ற தேதி, பேட்டரியின் வரிசை எண், கடை முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத அட்டையைக் கொடுத்துவிட்டு "எங்களிடம் கணக்கு இருக்கிறது" என்று சொல்லும் கடைகள் உண்டு. ஏற்காதீர்கள். வாரண்டியில் இரண்டு பகுதிகள் இருப்பது வழக்கம்: முதல் சில மாதங்களுக்கு இலவச மாற்று, அதன் பிறகு விலையில் குறிப்பிட்ட சதவீதக் கழிவு. எந்த மாதம் எது முடிகிறது என்பதை அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, காப்பீட்டுப் பத்திரம். தேய்மானமும் மின்பாகங்கள் தானாகப் பழுதாவதும் வழக்கமான கார் காப்பீட்டில் வராது. உப்பு அரித்ததற்கு இழப்பீடு கேட்டு அலைய வேண்டாம். ஆனால் புயலிலோ வெள்ளத்திலோ கடல்நீர் காருக்குள் புகுந்தால் கதை வேறு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் அல்லாமல் முழுக் காப்பீடு எடுத்திருந்தால் அந்தச் சேதத்தைக் கோரலாம். அப்போது சாவியைத் திருப்பவே கூடாது. நீர் புகுந்த என்ஜினை முடுக்கிப் பார்த்து அதனால் சேதம் கூடினால், அது பின்விளைவுச் சேதம் என்று கோரிக்கையில் கழிக்கப்படலாம். காரையும் நீர்மட்டக் கோட்டையும் படம் எடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

காருடன் வந்த கையேட்டில் ஃபியூஸ் பெட்டியின் வரைபடம் இருக்கும். பழைய கார் வாங்கியவர்களிடம் பெரும்பாலும் இந்தப் புத்தகம் இருக்காது. அந்த மாடலின் கையேட்டைத் தேடி, அந்தப் பக்கத்தை மட்டுமாவது அச்செடுத்து டேஷ்போர்டில் வையுங்கள்.

2. வாங்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். முந்நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கொடுத்தால் ஒயர் தடிமனாக, முனைகள் உறுதியாக இருக்கும். 10 ஆம்பியர் வரை அளக்கும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிறகு ஒரு டெஸ்ட் லாம்ப் (மின்சாரம் வந்தால் எரியும் சோதனை விளக்கு), 10 எண் ஸ்பேனர் (பெரும்பாலான டெர்மினல்களுக்கு இதுவே போதும்), கம்பி பிரஷ், 120 எண் உப்புத்தாள், ஒரு பெட்டி ஃபியூஸ், காண்டாக்ட் கிளீனர், வாசலின், உள்ளே பசையுள்ள ஹீட் ஷிரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி ஒயரை இறுகப் பிடிக்கும் குழாய்), லக் அமுக்கும் பிளையர். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ராமநாதபுரத்தில் எல்லாமே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பசையுள்ள ஸ்லீவுக்கு நான் மதுரைக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

3. கை வைக்கும் முன்

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. பூட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை மாறினால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

மஞ்சள் நிற உறையும் மஞ்சள் கப்ளரும் ஏர்பேக் ஒயரிங். அங்கே மீட்டரும் வேண்டாம், டெஸ்ட் லாம்பும் வேண்டாம். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பெட்டிக்குப் போகும் ஒயர்களிலும் டெஸ்ட் லாம்பைக் குத்தாதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டமே உள்ளிருக்கும் சர்க்யூட்டைக் கெடுத்துவிடலாம்.

சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும். அந்த எண்ணை முன்பே தேடி வையுங்கள்.

4. பேட்டரியை அளப்பது

இரவு முழுக்க நின்ற காரில், காலையில் கதவைத் திறக்கும் அவசரத்துக்கு முன் அளப்பதே சரி. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். முனைகளை கிளாம்பில் வைக்காமல், நடுவில் இருக்கும் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள்.

12.6 என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8க்குக் கீழே இருந்தால் காலி. பாதிக்குக் கீழே இருக்கும் பேட்டரியை வைத்து மற்ற எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். சிறு சார்ஜரில் ஓர் இரவு ஆகும்.

அடுத்ததுதான் முக்கியம். முனைகள் கம்பத்திலேயே இருக்கட்டும். கார் நியூட்ரலில், கைபிரேக் போட்டபடி, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எண்ணைப் பாருங்கள்.

செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் சந்தேகம் பேட்டரி மேல். பேட்டரிக் கடையில் லோடு டெஸ்டர் வைத்து உறுதி செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, பல கடைகளில் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் செல்ஃப் முனகிக்கொண்டே சுற்றும்போதும் மீட்டர் 11.5 அல்லது 12 என்று காட்டினால், பேட்டரி நன்றாக இருக்கிறது என்று பொருள். மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது. செல்ஃபால் அதை இழுக்க முடியவில்லை, அதனால்தான் பேட்டரியின் வோல்ட் இறங்காமல் நிற்கிறது. நல்ல பேட்டரிகள் அதிகமாக மாற்றப்படுவது இந்த இடத்தில்தான். முனகல் சத்தத்தைக் கேட்டதும் "பேட்டரி போச்சு" என்று சொல்பவரிடம், இந்த ஒரு சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

5. எர்த்: நம் கடற்கரையின் முதல் குற்றவாளி

காரில் பாசிட்டிவுக்குத்தான் தனித்தனி ஒயர். திரும்பி வரும் வழி பாடியும் என்ஜினும். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒரு கேபிள், என்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ ஒரு கேபிள் அல்லது பின்னிய பட்டை இருக்கும். பின்னிய பட்டையின் மேல் உறை கிடையாது. உப்பு ஒவ்வோர் இழைக்குள்ளும் புகும்.

இதை ஓம் அளவில் வைத்துச் சோதிக்காதீர்கள். நூறு இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் சுழியம் காட்டும். சிறிய காரின் செல்ஃப் நூறிலிருந்து நூற்றைம்பது ஆம்பியர் வரை இழுக்கும். 0.01 ஓம் தடை போதும், 150 ஆம்பியரில் ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலையும். அந்த 0.01 ஓமை உங்கள் மீட்டர் காட்டவே காட்டாது.

ஆகவே மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டர் டிசி வோல்ட்டில். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில். சிவப்பு முனை என்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத வெற்று உலோகத்தில். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3ஐத் தாண்டினால் சுத்தம் செய்யுங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் நோய் கிடைத்துவிட்டது.

பிறகு சிவப்பு முனையை பாடிக்கு மாற்றுங்கள். ஹெட்லைட், ஏசி புளோயர், பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாம் போட்டு அளங்கள். 0.1க்குள் இருக்க வேண்டும்.

பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான்: ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில், மற்றது செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட் வரை போகலாம், அதற்கு மேல் கூடாது. செல்ஃப் எட்டாத இடத்தில் இருந்தால் மின்விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாமல் கவனம்.

நடுவழியில், மீட்டர் இல்லாத நேரத்தில் ஒரு சோதனை. ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரி நெகட்டிவையும் என்ஜினில் ஒரு கனமான உலோகப் பகுதியையும் நேராக இணையுங்கள். செல்ஃப் உடனே சுறுசுறுப்பாகச் சுற்றினால், எர்த் பட்டைதான் போயிருக்கிறது. அந்தக் கேபிளோடு ஸ்டார்ட் செய்து ஊர் வந்து சேரலாம்.

சுத்தம் செய்வது இப்படி: நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் போல்ட்டை முழுவதுமாக எடுத்து, லக்கின் இரு முகங்களையும், பாடியில் அது உட்காரும் இடத்தையும், போல்ட்டின் அடிப்பக்கத்தையும் உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து இறுக்கிப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு மேலே வாசலின் அல்லது கிரீஸ் பூசுங்கள். எர்த் புள்ளிகள் வழக்கமாக இருக்குமிடம்: பேட்டரித் தட்டின் கீழே, ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்பக்கத் தகடு, கியர்பாக்ஸ் போல்ட், ஓட்டுநர் கால்மாட்டின் பக்கச் சுவர், டிக்கியில் பின்விளக்கின் அருகே. எல்லாவற்றையும் ஒரே காலையில் முடிக்கலாம். செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் அது அமிலம் அரித்துப் பூத்த களிம்பு. வெறுங்கையால் தட்டாதீர்கள். ஆப்ப சோடாவை நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்து அடங்கும். மூடித் துளைகளுக்குள் அது இறங்கக் கூடாது. நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, கம்பி பிரஷ் போடுங்கள்.

6. சார்ஜ் ஏறுகிறதா

என்ஜின் ஓடும்போது பேட்டரிக் கம்பத்தில் 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். விளக்கு, ஏசி எல்லாம் போட்டாலும் 13.5க்குக் கீழே விழக் கூடாது. புதிய கார்கள் சிலவற்றில் சார்ஜை ஈசியூ கட்டுப்படுத்துவதால் எண் ஏறி இறங்கும். ஒரு நிமிடம் பார்த்து முடிவு செய்யாமல் சற்று நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். தொடர்ந்து 15க்கு மேல் போனால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரி வெந்துவிடும்.

குறைவாக இருந்தால், என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லும் முன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் தடித்த போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அளங்கள். 0.3க்கு மேல் வோல்ட் தொலைந்தால் அந்த ஒயரின் லக்கில் களிம்பு. அதுவும் சரி என்றால் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர். இந்த இரண்டையும் மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முழு ஆல்டர்னேட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "டைனமோ நன்றாக இருக்கிறதா" என்று பார்க்கும் பழைய வழக்கத்தை யாரையும் உங்கள் காரில் செய்யவிடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டில் ஆல்டர்னேட்டரின் டயோடும் ஈசியூவும் போய்விடலாம். ஈசியூவின் விலை பல பத்தாயிரம் ரூபாய்.

7. ஃபியூஸ், ரிலே

ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். சுவிட்சைப் போட்டுவிட்டு இரண்டிலும் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் ஃபியூஸ் போய்விட்டது. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அதே எண்ணைத்தான் போட வேண்டும். சிகரெட் தாள், கம்பித் துண்டு சுற்றிப் போடுவது காருக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட். ஃபியூஸை வரிசையாகப் போட்டு எரிக்காமல், அதன் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை ஒயரால் இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பிரகாசமாக எரியும். கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ மங்குகிறதோ, ஷார்ட் அந்தக் கிளையில்.

ரிலேயை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) சந்தேகித்தால், அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயை அங்கே மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

8. விளக்குகளின் கோளாறு

பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டர் லேசாக மின்னுகிறதா? ஒரு பக்கப் பின்விளக்கு மட்டும் மங்கலா? பல்பு அல்ல, அந்த விளக்குக் கூட்டின் எர்த். தன் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது. ஹோல்டரைக் கழற்றினால் பச்சை பிடித்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, நாக்குகளைத் துடைத்து, டயலெக்ட்ரிக் கிரீஸ் தொட்டு வையுங்கள்.

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை என்று பொருள்.

உச்சிப்புளிக்கும் பாம்பனுக்கும் நடுவே இரவில் வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட் இடத்தில் 100/90 வாட் பல்பு போடுகிறார்கள். தனி ரிலேயும் தடித்த ஒயரும் இல்லாமல் போட்டால் ஹோல்டர் உருகும். பல்பை மாற்றும் முன் ஹெட்லைட் ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளங்கள். என்ஜின் ஓடும்போது அங்கே 12 மட்டுமே வந்தால், இருக்கும் பல்புக்கே முழு மின்சாரம் போகவில்லை. களிம்பை நீக்கினாலே வெளிச்சம் திரும்பும்.

9. நிற்கும்போதே பேட்டரி இறங்குகிறதா

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணையுங்கள். கதவு, பானட் பூட்டுகளை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, மூடியிருப்பதாகக் காரை நம்பவையுங்கள். சாவி தூரத்தில் இருக்கட்டும். அரை மணி நேரம் பொறுங்கள். உள்ளிருக்கும் மின்னணுப் பெட்டிகள் உறங்க அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டு உடனே அளந்து பயந்துவிடுகிறார்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் கவலையில்லை. மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது.

300 மில்லி ஆம்பியர் ஓடினால் ஒரு நாளுக்கு 7.2 ஆம்பியர் மணி போகும். 35 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்று நாளில் பாதிக்கு மேல் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எண் எதில் விழுகிறது என்று பாருங்கள். வெளியே வாங்கிப் போட்ட ஸ்டீரியோ, கேமரா, ஜிபிஎஸ், அணையாத டிக்கி விளக்கு ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

10. ஒயரை ஒட்டும்போது

உறையை உரித்ததும் செம்பு கறுத்திருந்தால், பளபளப்பு தெரியும்வரை பின்னோக்கி வெட்டுங்கள். உப்புநீர் இழைகளுக்கு நடுவே உறிஞ்சப்பட்டு சாண் நீளம்கூட உள்ளே போயிருக்கும். கறுத்த செம்பில் ஈயப் பற்று பிடிக்காது. லக் அமுக்கி, அதன் மேல் பசையுள்ள ஸ்லீவைச் சூடாக்கிச் சுருக்குங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பசை வழிந்து அவிழும். பிறகு உப்பை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வோல்ட் பார்க்க ஒயரின் உறையில் ஊசி குத்துவது நம் பகுதியில் பெரிய கேடு. அந்தத் துளை வழியாகத்தான் அடுத்த மழைக்காலத்தில் ஒயர் அழுகும். கப்ளரின் பின்பக்கமாக முனையை நுழைத்து அளங்கள். வினிகர் வாசனை வரும் சிலிகானைக் கப்ளரில் பூசாதீர்கள். அது உலரும்போது வெளிவரும் அமிலம் செம்பை அரிக்கும்.

11. உப்பை எப்போது, எதனால் கழுவுவது

2025இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருவைத் தடுக்க பாலிசிலோக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். நம் காருக்கு அப்படி எதுவும் இல்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போய்வந்தால் அன்றே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். ஈர மணலில் வண்டியை இறக்காதீர்கள். தெறிக்கும் கடல்நீர் நேராகச் செல்ஃபிலும் ஆல்டர்னேட்டரிலும் படும்.

எந்தத் தண்ணீரால் கழுவுகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கரையோரத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அதால் வாராவாரம் கழுவுவது, உப்பைக் கொண்டுவந்து பூசுவதுதான். குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ஊரில் வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்ல மாட்டேன். ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஈரத் துணியும் போதும்: பேட்டரியின் மேற்பரப்பு, ஃபியூஸ் பெட்டியின் மூடி, தெரியும் கப்ளர்கள். பானட்டுக்குள் பைப் அடிக்க வேண்டாம்.

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஓய்ந்து, வடக்கிலிருந்து வரும் வாடை தொடங்கும் முன், அதாவது செப்டம்பர் கடைசியில், எர்த் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றித் தேய்த்துப் பூட்டுங்கள். மழை முடிந்து ஜனவரியில் இன்னொரு முறை. கடலைப் பார்த்தபடி நிறுத்தும் வீடுகளில் காரின் முன்பக்கம் கடல்காற்றைப் பார்க்காமல் மறுபுறம் திரும்பியிருக்கும்படி நிறுத்துங்கள்.

12. கடைக்குப் போக வேண்டி வந்தால்

ஏர்பேக், ஏபிஎஸ் விளக்கு, சாவியை அடையாளம் காணாத கோளாறு, ஈசியூ இவையெல்லாம் ஸ்கேனர் வைத்திருப்பவரின் வேலை. காலையிலேயே போங்கள், பாகம் மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தால் மறுநாள் ஆகும். நீங்கள் அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: நின்றபோது எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது எத்தனை, எர்த்தில் எத்தனை, சார்ஜ் எத்தனை. நல்ல எலக்ட்ரீஷியன் அந்தத் தாளை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். அவருக்கும் பாதி நாள் மிச்சம். தாளைப் பார்க்காமலேயே பாகத்தின் விலையைச் சொல்பவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரி மட்டும் விதிவிலக்கு: பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டால் விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்தத் தொகை பில்லில் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, புது பேட்டரியின் வரிசை எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.